சோர்ஸில் இல்லாத வரி

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தச் சலவைத்தூள் ஆலையின் வாயிற்காவலருக்குக்கூட ஆள் தெரியாது. சல்லடை என்றால் தெரியும். கணினி அறையில் உட்கார்ந்து ஆலையின் சரக்கு, சம்பளம், ஷிஃப்ட் எல்லாவற்றுக்கும் புரோகிராம் பார்க்கிறவள். எதையும் ஒரு தரம் சலிக்காமல் உள்ளே விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே சல்லடை அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அக்கா உதிர்ந்துவிடும். இரண்டும் அவளுக்குத் தெரியும். யார் எப்போது எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

கடைக்காரர் சிரித்துப் பேசினால் இவள் தராசைப் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அந்த இருக்கையில் என்ன கோளாறு என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் அன்று முழுக்கத் தூக்கம் வராது. இதையெல்லாம் சொல்லி ஆலையில் சிரிப்பார்கள். ஆனால் அவள் சலித்து அனுப்பிய சம்பளப் பட்டியலில் தப்பு வந்ததே இல்லை என்பதையும் அவர்களேதான் சொல்வார்கள்.

கணினி அறையில் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. மேசைமேல் வைக்கும் ரகமுமில்லை, ஒரு மாடியையே அடைத்துக்கொள்ளும் ரகமுமில்லை. ஓர் ஆள் உயரம், ஒரு ஆலையின் கணக்கு முழுவதையும் சுமக்கிற இடைப்பட்ட ரகம். கூடத்தில் சலவைத்தூள் பறந்து எல்லோரும் தும்மிக்கொண்டிருக்க, இந்த ஓர் அறையை மட்டும் கதவடைத்துக் குளிரூட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஓடிய புரோகிராம்கள் பழைய பாணியில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு வரியிலும் எந்த எழுத்து எத்தனையாவது கட்டத்தில் உட்கார வேண்டும் என்று விதி உண்டு. ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தால் அர்த்தமே மாறிவிடும். ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்துவிட்டால் அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரிதான், பெட்டி அதைக் கண்டுகொள்ளாது.

அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவளுடைய கணவர். அந்த அறையில் அவர் புரோகிராமராக இருந்தபோது, தகவல்களைத் தட்டச்சு செய்ய வந்தவள் இவள். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு பேரும் அங்கேயே வேலை பார்த்தார்கள். அப்புறம் அவருக்குக் கண்ணில் கோளாறு வந்து நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, பக்கத்திலிருக்கும் கதவு தெரியும். வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய நாற்காலி இவளுக்கு வந்தது, இவளுடைய சமையலறை அவருக்குப் போனது. அவர் நன்றாகத்தான் சமைத்தார். ஆனாலும் தட்டில் விழுவதை முதலில் முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை இவள் விடவில்லை.

அந்தக் காலத்தில் யாராவது வந்து, எனக்கு மட்டும் ஏன் இந்த வாரமும் மாலை ஷிஃப்ட் என்று சண்டைக்கு நின்றால், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பெட்டி அப்படித்தான் போடுதுப்பா" என்பார். இவளுக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பெட்டிக்கு என்ன தெரியும், எழுதினவர் சொன்னதைத்தானே அது போடும் என்று வீட்டில் வைத்து அவரை மடக்குவாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

பழைய பாணியைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இவளும் ஓய்வு பெற்றுவிட்டால் ஆலை விழி பிதுங்கி நிற்கும் என்று மேலாளருக்கு ஒரு நாள் ஞானம் வந்தது. எல்லாப் புரோகிராம்களையும் கட்டம் இல்லாத புதிய பாணிக்கு மாற்றுவதென்று முடிவாகி, வெளியே ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். அவர்கள் அனுப்பிய ஆளுக்கு வந்த அன்றே கன்வெர்ட்டர் என்று பெயர் விழுந்தது. அவரிடம் ஒரு கருவிப் புரோகிராம் இருந்தது. இந்தப் பக்கம் பழைய சோர்ஸைக் கொடுத்தால், அதாவது மனிதர் எழுதிய மூல வரிகளைக் கொடுத்தால், அந்தப் பக்கம் புதிய பாணியில் வந்து விழும். இவளுடைய கணவர் வருடக்கணக்காக எழுதியதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மாற்றித் தந்தது.

அவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலையை எப்படி நம்புவது? சல்லடைக்கு அந்த ஆளையே பிடிக்கவில்லை. எப்போதும் சிரித்த முகம். போதாததற்கு, தன் டீயைத் தானே ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்தார். மற்றவர்கள் தருவதை நம்பிக் குடிக்காத மனிதரை நாம் எப்படி நம்புவது என்பது அவள் கட்சி. அவளும் தன் டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிறவள்தான் என்பதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

மாற்றிய ஒவ்வொரு புரோகிராமையும் அவள் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்ததும் பழையதை அழித்துவிட்டு, புதியதைப் பெட்டியில் ஏற்றுவார்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைய புரோகிராமின் பழைய வரிகளைக் கணவருக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, இது எதற்கு எழுதியது, அது எந்த மேலாளர் கேட்டது என்று உற்சாகமாகச் சொல்லுவார். கண் போன பிறகு அவர் அவ்வளவு பேசியதில்லை. இவளுக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஷிஃப்ட் புரோகிராமின் முறை வந்த அன்றுதான் கத்தி நின்றது.

"அதை மட்டும் விட்டுடேன்மா. நல்லா ஓடுற புரோகிராம்தானே," என்றார்.

எல்லாவற்றையும் மாற்றும்போது இதை மட்டும் எப்படி விடுவது என்று கேட்டாள். அவர் அப்படியும் இப்படியும் பூசி மெழுகினார். அது சின்னது, மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை என்றார். உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். சல்லடைக்கு மூக்கில் வியர்த்தது. சின்னது என்றால் மாற்றுவதில் என்ன கஷ்டம்?

மறுநாள் பழைய புரோகிராமையும் புதிய புரோகிராமையும் ஒரே தகவலைக் கொடுத்து ஓட்டினாள். காலை, மாலை என்று இரண்டு ஷிஃப்ட். யார் எந்த வாரம் எதில் வருவார் என்று போடுவதுதான் அதன் வேலை. வந்த இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் காட்டுவதற்கு அவளிடம் ஒரு தனிப் புரோகிராம் இருந்தது. அது இரண்டு வரிகளைக் காட்டியது. சாக்குத் தைக்கும் பிரிவில் ஒருத்தியைப் புதிய புரோகிராம் மாலையில் போட்டிருந்தது. பழையது அவளைக் காலைக்கு நகர்த்தி, அவளுக்குப் பதிலாக வேறொரு தையல்காரியை மாலைக்குத் தள்ளியிருந்தது. பழைய வாரங்களின் தகவலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். பல வாரங்கள் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் வந்த வாரங்களில் எல்லாம் அதே தையல்காரிக்காகத்தான் மாற்றம், அவளுக்காக இடம் மாறியவர்கள்தான் வேறு வேறு.

கன்வெர்ட்டரின் கருவி எதையோ முழுங்கிவிட்டது என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் சிரிப்பு மாறாமல் பழைய சோர்ஸைத் திரையில் விரித்து, "நீங்களே பாருங்க மேடம், இதுல அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே. இல்லாததை நான் எங்கேருந்து மாத்துவேன்?" என்றார். வரி வரியாகப் பார்த்தாள். இல்லைதான். நட்சத்திரம் போட்டுச் செத்த வரிகளையும் பார்த்தாள். அதிலும் இல்லை. எழுதி வைத்ததில் ஒன்று இருக்கிறது, ஓடுகிற புரோகிராம் வேறொன்றைச் செய்கிறது.

அப்போதுதான் தேதியைப் பார்க்கலாம் என்று தோன்றியது. சோர்ஸைப் பெட்டி தன் பாஷைக்கு மாற்றி ஓடும் புரோகிராமாகக் கட்டும்போது, எந்தத் தேதியில் கடைசியாகத் திருத்திய சோர்ஸிலிருந்து கட்டினோம் என்பதைத் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தேதியும், கையில் இருந்த சோர்ஸின் தேதியும் ஒத்துப்போகவில்லை. கையில் இருந்த சோர்ஸ் பழையது. யாரோ வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள், அதிலிருந்து புரோகிராமைக் கட்டியிருக்கிறார்கள், பிறகு சேர்த்த வரிகள் இல்லாத பழைய சோர்ஸையே கொண்டுவந்து வைத்துத் தடயமில்லாமல் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைச் செய்யக்கூடிய அனுமதி ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் இப்போது வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

குறித்திருந்த தேதியை அவளால் மறக்க முடியாது. அந்த மாதங்களில் அவள் தன் அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக வெளியூர் போயிருந்தாள்.

ஒரு தையல்காரிக்கு, அதுவும் பெண்டாட்டி ஊரில் இல்லாத நேரத்தில், யார் கண்ணிலும் படாமல் எதற்குச் சலுகை? யாருக்கும் தனிச் சலுகை கூடாது என்று அப்போதைய மேலாளர் அறிவிப்பு ஒட்டியிருந்த காலம் அது. சோர்ஸை எடுத்துவைத்து வரி வரியாகத் தணிக்கை செய்துகொண்டிருந்த காலமும் அதுதான். அதையெல்லாம் மீறி வேலையைப் பணயம் வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறார் என்றால், சும்மாவா செய்திருப்பார்?

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலை ஆரம்பமானது. நேரடியாகக் கேட்டால் உஷாராகிவிடுவார் என்று சுற்றி வளைத்துப் பார்த்தாள். சாக்குத் தைக்கும் பிரிவில் அந்தக் காலத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றார். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிற மனிதருக்கு ஞாபகமில்லையாம். பிறகு அவராகவே, கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஷிஃப்ட்டுக்குப் பழசைத்தானே இன்னும் ஓட்டுறீங்க?"

"ஆமாமா, பழசுதான்," என்றாள்.

அன்றைக்கு அது உண்மைதான். ஆனால் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ கொதித்துவிட்டது. அவ்வளவு நிம்மதியா? மறுநாள் காலை முதல் வேலையாக ஷிஃப்ட் புரோகிராமுக்குக் கையெழுத்துப் போட்டாள். சோர்ஸ்தான் உண்மை, சோர்ஸில் உள்ளபடி புதியது ஓடுகிறது, அவ்வளவுதான். ஒளித்து வைத்தது எதுவோ அது தானாக வெளியே வரட்டும் என்று இருந்தது அவளுக்கு. கன்வெர்ட்டர் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினார். அன்று மாலையும் கணவர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றும் அவள் ஆமாம் என்றாள். இந்த முறை அது பொய். கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

கையெழுத்துப் போட்ட கையோடு கூடத்துக்குப் போய் அந்தத் தையல்காரியைப் பார்த்துவிட்டு வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. அதிகம் பேசாதவள். இடது பாதத்தைச் சற்று இழுத்து நடப்பாள். பல வருடங்களுக்கு முன்னால் சாக்குகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்தபோது தெரியாமல் ஏறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நிரப்பிய சாக்கின் வாயை எந்திரத்துக்கடியில் கொடுத்து ஒரே இழுப்பில் தைத்து விடுகிற அழகு, நின்று பார்க்கத் தோன்றும். சல்லடை நின்று பார்த்தது வேறு விஷயத்தை. காதில் என்ன போட்டிருக்கிறாள், கழுத்தில் என்ன, தன்னைக் கண்டதும் முகம் மாறுகிறதா. முகம் மாறவில்லை. அதுவே பெரிய சாமர்த்தியம் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

வாரக் கடைசியில், அடுத்த வாரத்துக்கான பட்டியலைப் புதிய புரோகிராம் அச்சடித்துத் தந்தது. தையல்காரி மாலை ஷிஃப்ட்டில் இருந்தாள். திங்கட்கிழமை முதல். சல்லடையே தன் கையால் கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வந்தாள்.

மதியம் கேண்டீனில் அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு ஆள் எதிரே வந்து நின்றான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தலையை நன்றாகப் படிய வாரியிருந்தான். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியவனில்லை.

"இந்த வாரம் லிஸ்ட் ரொம்ப நல்லா போட்டிருக்கீங்கக்கா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போய்விட்டான்.

அந்த ஆலையில் ஷிஃப்ட் பட்டியலைத் திட்டாதவர்கள் கிடையாது. பாராட்டியவர்கள் அதைவிடக் கிடையாது. வேறு நாளாக இருந்தால் சல்லடை அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு நாள் சலித்திருப்பாள். அன்று அவள் மனம் முழுக்கத் தையல்காரியிடம் இருந்தது. இவன் யாரோ என்று விட்டுவிட்டாள்.

டீ முடிந்து அறைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தையல்காரி. உடம்பெல்லாம் தூள். குளிர்ந்த அறைக்குள் வந்ததும் தும்மினாள். கன்வெர்ட்டர் சாப்பிடப் போயிருந்தார். எதிர்பார்த்த ஆள் எதிர்பார்த்தபடி வந்துவிட்டதில் சல்லடைக்கு ஒரு குரூரத் திருப்தி.

"அக்கா, என்னைக் காலைக்கே மாத்திடுங்க. இந்த ஒரு வாரம் மட்டும்னாலும்."

"எதுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"எல்லாரும் மாலைல வராங்க. உனக்கு மட்டும் என்ன தனி சட்டம்?"

அவள் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சல்லடை அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கும் உனக்கும் என்ன?"

தையல்காரி நிமிர்ந்தாள். கோபப்படுவாள், அழுவாள், மறுப்பாள் என்றெல்லாம் சல்லடை தயாராக இருந்தாள். அவளோ கேள்வி புரியாதவளாகக் கொஞ்சம் நின்றாள். புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவளுடைய புருஷனாக இருந்தவன். அடி தாங்காமல் அவனை விட்டு, அவனுக்குத் தெரியாத இந்த ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்தாள். தேடிப் பிடித்து அவனும் இங்கேயே வந்து சேர்ந்தான். பாதத்தில் வண்டி ஏறியது தெரியாமல் நடந்ததில்லை. ஏற்றிவிட்டு, இறங்கி வந்து குனிந்து, அடுத்த தடவை பாதத்தோடு நிற்காது என்று காதில் சொன்னான். அப்போதைய மேலாளர் விபத்து என்று எழுதிக்கொண்டார். ஒத்துப்போக முடியாதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வண்டி ஓட்டுகிறவர்கள் கிடைப்பது கஷ்டம், தைக்கிறவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மாலையில் கூடத்தில் ஆள் குறைவு, தைத்த சாக்குகளை எடுக்க அவன் வண்டி ஒன்றுதான் வரும்.

"சார்கிட்ட நான் ரெண்டு நம்பரைத்தான் சொன்னேன். என் நம்பர், அவன் நம்பர். ரெண்டும் ஒரே ஷிஃப்ட்ல வராம இருக்கணும்னு கேட்டேன். ஒரு நாள்கூட அவர் ஏன்னு கேக்கல," என்றாள். "நீங்க எடுத்த எடுப்புலயே இதைக் கேட்டீங்க."

சல்லடை தான் ஒப்பிட்ட பட்டியல்களை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு பணியாளர் எண்கள். பட்டியல்களை ஒப்பிட்டபோது வேறுபட்ட வரிகளைத்தான் அவள் பார்த்தாள். அவன் வரி இரண்டிலும் ஒரே மாதிரி இருந்ததால் அது அவள் கண்ணுக்கே வரவில்லை. மாறாத வரியில்தான் காரணம் உட்கார்ந்திருந்தது. கேண்டீனில் படிய வாரிய தலையோடு வந்து பாராட்டிவிட்டுப் போனானே, அந்தக் குரல் இப்போது காதுக்குள் திரும்ப வந்தது. இவள் பொறாமையில் போட்ட ஒரு கையெழுத்து, திங்கட்கிழமை மாலை இந்தப் பெண்ணை அவன் வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பை இன்னதென்று சொல்லி முடியாது.

"நீ போ. திங்கட்கிழமை காலைல வந்தா போதும்," என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. தையல்காரி நம்பினாளா என்று தெரியவில்லை. பாதத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

பழைய புரோகிராமைத்தான் அழித்தாகிவிட்டது. சல்லடை புதிய சோர்ஸைத் திறந்து, கட்டமில்லாத புதிய பாணியில் தானே எழுதினாள். இந்த எண்ணும் இந்த எண்ணும் ஒரே ஷிஃப்ட்டில் விழுந்தால், முதல் எண்ணை அடுத்த ஷிஃப்ட்டுக்கு மாற்று, அதே பிரிவில் இன்னொருவரை இங்கே கொண்டு வா. புரோகிராமைக் கட்டி, பல வாரங்களின் தகவலைக் கொடுத்து ஓட்டினாள். இந்த முறை ஒப்பிடும் புரோகிராமை நம்பவில்லை. இரண்டு எண்களையும் விரலால் தேடிப் பிடித்துப் பார்த்தாள். எங்கேயும் சேர்ந்து வரவில்லை. கணவர் செய்த தப்பை அவள் செய்யவில்லை. வரிகளைச் சோர்ஸிலேயே விட்டாள், கீழே தன் பெயரையும் போட்டாள். ஒளித்து வைத்தால் அடுத்து மாற்றுகிறவர் கையில் இது மறுபடியும் செத்துப்போகும். பிறகு பலகையிலிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதியதைக் குத்தினாள்.

கன்வெர்ட்டர் திரும்பி வந்து, கையெழுத்தான சோர்ஸில் புது வரிகளைக் கண்டார். முதன்முறையாக அவர் சிரிப்பு நின்றது. நேரே மேலாளரிடம் போனார். சல்லடையைக் கூப்பிட்டார்கள்.

பழையது செய்த வேலையைப் புதியதும் செய்ய வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம், பழையது இதைச் செய்தது, சோர்ஸில் மட்டும் எழுதாமல் விட்டிருந்தது, அவசரப்பட்டு நான் கையெழுத்துப் போட்டது தப்பு என்று அவள் சொன்னாள். கன்வெர்ட்டர் அதை மறுக்கவில்லை, வித்தியாசத்தை அவரும் பார்த்தவர். ஆனால் மேலாளர் விடவில்லை.

"இந்த ரெண்டு பேர்ல உங்களுக்கு யாராவது சொந்தமா?"

"இல்ல சார்."

"அப்ப இது எதுக்குன்னாவது தெரியுமா?"

"தெரியும். சொல்ற உரிமை எனக்கில்ல. கேக்காதீங்க சார், ஆனா எடுக்கவும் எடுக்காதீங்க. எடுத்தா என்னையும் சேர்த்து எடுத்துடுங்க."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரரையும் டாக்டரையும் கன்வெர்ட்டரையும் அவள் பார்க்கிற பார்வை அது. இந்தப் பக்கம் நின்று அதை வாங்கியதில்லை. கடைசியில், வரிகள் இருக்கட்டும், ஆனால் இனிமேல் ஷிஃப்ட் பட்டியலை நீங்கள் தனியாகப் போட வேண்டாம், இன்னொருவர் கூட இருந்து சரிபார்க்கட்டும் என்றார். இத்தனை வருட வேலையில் அவளுக்குமேல் ஒரு சல்லடை போட்டது அதுதான் முதல் முறை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பொய் சொன்னதை, கையெழுத்துப் போட்டதை, தையல்காரியிடம் கேட்ட கேள்வியை. அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"நீ வரி வாசிக்கிற குரல் மாறினப்பவே என்னமோன்னு தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல எங்கிட்ட என்னம்மா இருந்துச்சு? ரெண்டு நம்பர். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒத்துக்கிட்டேன். நீ மாத்துறேன்னதும் பயந்துதான் போனேன்."

உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டாமா என்று கேட்டாள். இப்பவும் வேண்டாம் என்றார். அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்னு தோணியிருந்தா அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கும் என்றார். எதிரே நிற்கும் இவள் முகம் அவருக்குத் தெரியாது. அழுகிறாள் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. தட்டை நகர்த்தி வைத்தார். அவள் முகராமல் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை தையல்காரி எந்திரத்தின் முன்னால் இருந்தாள். சல்லடை கணினி அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை, தலையைத் தூக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேண்டீனில், அவளுக்குப் பதிலாக மாலைக்குத் தள்ளப்பட்ட இன்னொரு தையல்காரி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். சாயங்காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவள். சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு நின்றது. காலைக்குப் போனவள் சல்லடைக்கு வேண்டியவளாம், உள்ளே கவனிப்பு நடந்திருக்கிறதாம் என்று காலையிலிருந்தே ஆலை முழுக்க ஒரே பேச்சு. அது சல்லடையின் காதுக்கும் வந்திருந்தது.

"அவளுக்கு மட்டும் காலைல, எனக்கு மாலைலயா? இது எந்த ஊரு நியாயம்க்கா?"

நியாயமான கேள்வி. ஒரே வாக்கியத்தில் இந்தப் பெண்ணின் வாயை அடைக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இரண்டு மேசை தள்ளி, படிய வாரிய தலை ஒன்று பதிலுக்காகத் திரும்பியிருந்தது. சல்லடை ஃபிளாஸ்க்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள்.

"பெட்டி அப்படித்தான் போடுதும்மா," என்றாள்.

அந்தப் பெண் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் சல்லடையும் நம்பியிருக்க மாட்டாள்.